பம்பிங் திரும்பிவிட்டது, பயம்தான் போகவில்லை: இதயத் தசை அழற்சி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார். பதினான்கு வருடம் கழுத்தில் விசிலோடு மைதானத்தைச் சுற்றியவன். 37 வயதில் ஒரு மழைக்காலக் காய்ச்சலுக்குப் பின்னால் இதயத் தசையில் அழற்சி வந்தது. டாக்டர்கள் மயோகார்டைட்டிஸ் என்பார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதன்பின் ஆறு மாதம் மைதானத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இப்போது யாருக்காவது இதே நோய் என்று தெரிந்தால் "பி.டி. சார்கிட்ட பேசுங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டால் உங்கள் டாக்டரைத்தான் கைகாட்டுவேன்.

இது ஹார்ட் அட்டாக்தானே? பெயரை மாற்றிச் சொல்கிறார்களா?

இல்லை. மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், அந்தக் குழாயை நம்பியிருந்த தசை செத்துப்போகும். இதில் குழாய் சுத்தமாக இருக்கும், தசைதான் வீங்கிக் கிடக்கும். குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. இரண்டிலும் நெஞ்சு வலிக்கும், ஈ.சி.ஜி. மாறும், இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறும். அதனால்தான் பலருக்கு ஆஞ்சியோ செய்து அடைப்பு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

எனக்கும் செய்தார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு கிளினிக்கில் "வாயுப் பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ படத்தைக் காட்டி "அடைப்பே இல்லை" என்றதும் என் அண்ணன், "அப்ப ஒண்ணுமில்லையா சார்?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தார்கள். பம்பிங் 38.

பம்பிங் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. நூற்றுக்கு நூறு யாருக்கும் கிடையாது, நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான். என்னைப் பார்க்க வந்த பத்தாம் வகுப்புப் பையன் 38 என்றதும், "சார், பாஸ்தான்" என்றான். ஒன்பது நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

எனக்கு எப்படி வந்தது? சிகரெட் இல்லை, குடி இல்லை.

பெரும்பாலும் வைரஸ். காக்ஸாக்கி, அடினோ, பார்வோ, இன்ஃப்ளூயன்சா, கொரோனா எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. நம் ஊரில் டெங்கு, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பின்னாலும் வரும். தொண்டை அடைப்பான் நோயின் நச்சும் இதயத் தசையைத் தாக்கும். லத்தீன் அமெரிக்காவில் இரத்தம் உறிஞ்சும் ஒரு வகைப் பூச்சி பரப்பும் சாகஸ் நோய் முக்கியக் காரணம். சில புற்றுநோய் இம்யூனோதெரபி மருந்துகள், மனநலத்துக்குக் கொடுக்கும் குளோசபின், உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்கள் என்று பட்டியல் நீளும். பலருக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

உடனே அடுத்த கேள்வி வரும்: தடுப்பூசியாலா? எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிக்கு (ஃபைசர், மாடர்னா) பின், குறிப்பாக இரண்டாம் ஊசி போட்ட இளம் ஆண்களுக்கு, அபூர்வமாக வந்தது உண்மை. பெரும்பாலும் சில நாட்களுக்குள் வந்தது, லேசாக இருந்தது, சரியானது. இந்தியாவில் நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகை இல்லை. கொரோனா நோயே இதயத் தசையைத் தாக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

என்னைக் குடைந்தது வேறு. காய்ச்சல் விட்டு மூன்றாம் நாளே பிள்ளைகளோடு கபடி ஆடினேன். அதனால்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். காக்ஸாக்கி கிருமியை ஏற்றி எலிகளை நீந்தவிட்ட பழைய சோதனைகளைப் பற்றிச் சொன்னார். சும்மா இருந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயம் மோசமாகக் கெட்டுப்போனதாம். "கபடியால நோய் வரல. ஆனா இனிமே காய்ச்சலோட ஆடாதீங்க," என்றார். இப்போது என் வகுப்பில் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகாத பையனை நான் ஓடவிடுவதில்லை. அம்மாக்களின் பாராட்டு கிடைக்கிறது, பையன்களின் சாபமும் கிடைக்கிறது.

முழுசாகக் குணமாகுமா?

நிறையப் பேருக்கு ஆகும். ஐரோப்பிய இதயவியல் கழகத்தார் 2013-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு 2 முதல் 4 வாரத்தில் நோய் தணிகிறது. கால்வாசிப் பேருக்குப் பம்பிங் குறைவு நீடிக்கிறது. 12 முதல் 25 சதவீதம் பேருக்கு மோசமாகிறது, அதில் உயிரிழப்பும் மாற்று இதயம் தேவைப்படுவதும் அடங்கும். கடைசி எண்ணை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள். ஆரம்பத்திலேயே பம்பிங் குறையாதவர்களுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது. எனக்கு 38 ஒன்றரை மாதத்தில் 47 ஆனது, ஐந்தாம் மாதம் 58.

எத்தனை மாதம் ஓய்வு?

எனக்குச் சொன்னது ஆறு மாதம். பல வருடமாக 3 முதல் 6 மாதம் கடினமான உடற்பயிற்சி கூடாது என்பதுதான் வழக்கமாக இருந்தது. 2025-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, குறைந்தது ஒரு மாதம், அதன்பின் ஆளைப் பார்த்து முடிவு என்று தளர்த்தியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு மாதத்தில் ஜிம்முக்குக் கிளம்பாதீர்கள். திரும்ப ஓடவிடுவதற்கு முன் எக்கோ, இரத்தத்தில் ட்ரோபோனின், உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவி, டிரெட்மில் டெஸ்ட், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதும் இல்லை. வீட்டுக்குள் நடமாட்டம், மெதுவான நடை ஆகியவற்றை என் டாக்டர் இரண்டாம் வாரமே அனுமதித்தார்.

விளையாட்டு ஆட்கள் கேட்டால் இரண்டு பேரைச் சொல்வேன். பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்ஃபோன்சோ டேவிஸுக்குக் கொரோனாவுக்குப் பின் 2022 ஜனவரியில் லேசான இதயத் தசை அழற்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரலில் திரும்ப ஆட வந்தார். அந்த நவம்பரில் கனடா ஆண்கள் அணியின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்ததும் அவர்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் எட்வர்டோ ரோட்ரிகேஸ் 2020 சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தார், 2021-இல் வந்து 13 ஆட்டங்களை வென்றார். ஒருவருக்கு மூன்று மாதம், இன்னொருவருக்கு ஒரு சீசனே போனது. உங்கள் கணக்கை உங்கள் எக்கோதான் சொல்லும்.

ரிப்போர்ட் நார்மல். ஆனால் ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே?

எனக்கும் வாங்கியது. இதயம்தான் என்று நினைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் என் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதம் சும்மா இருந்த காலில் சதையே இல்லை. காலில் பலமில்லாதபோது அதே படிக்கு மூச்சு அதிகம் செலவாகும். போதாததற்கு மெட்டோப்ரோலால், கார்விடிலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் வரும் அசதியையும் நாம் "ஹார்ட் வீக்" என்று எழுதிக்கொள்கிறோம்.

நான் செய்தது கம்பக் கணக்கு. வீட்டுவாசலிலிருந்து நான்காவது கரண்ட் கம்பம் வரை போய்த் திரும்புவது, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. அது சுலபமாக இருந்தால் அடுத்த வாரம் இரண்டு கம்பம் கூடுதல். ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று ஆறு கம்பம் கூட்டமாட்டேன், ஒரு நாள் சரியில்லை என்று நிறுத்தவும் மாட்டேன், பாதியாக்குவேன். ஏழாவது கம்பத்தில் டீக்கடை பெஞ்சு இருந்தது பெரிய உதவி. உட்காரவும் ஒரு காரணம் வேண்டுமல்லவா, டீ குடிக்க உட்கார்ந்தேன்.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். பாட முடிந்தால் ரொம்ப மெதுவாக நடக்கிறீர்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு நாடி எண்ணிக்கையைவிட இந்தக் கணக்கு நம்பகமானது. பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோ பிரிவில் கார்டியாக் ரீஹேப் என்று, இதய நோயாளிகளுக்கு மேற்பார்வையோடு தரும் பயிற்சி இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

நெஞ்சு "தொம்" என்று ஒரு அடி அடிக்கிறது, பிறகு நின்றுபோனது போல இருக்கிறது. செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

என்னிடம் வரும் பத்து அழைப்பில் ஆறு இதுதான். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல்.

முதலில் அந்தத் "தொம்". ஒரு துடிப்பு முறை தவறி முந்திக்கொண்டு வருகிறது. அப்போது அறை சரியாக நிரம்பியிருக்காது, அதனால் அந்தத் துடிப்பு கையில் தட்டாது. அடுத்த துடிப்புக்குச் சற்று இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இரத்தம் கூடுதலாக நிரம்புகிறது. அதை வெளியே தள்ளும் துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நீங்கள் உணர்வது அந்த ஓங்கிய அடியை, அதாவது இதயம் நின்றதை இல்லை, மறுபடி நன்றாக அடித்ததை. நோயே இல்லாதவர்களுக்கும் இது உண்டு, அவர்கள் கவனிப்பதில்லை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கி இன்னும் பலமாகத் தெரியும். இதய அழற்சி வந்தவர்களுக்கு மட்டும் ஹோல்ட்டர் வைத்து எண்ணிப் பார்த்துவிடுவது அவசியம், தொடர்ச்சியாக வந்தால் அது வேறு கதை. எனக்கு 24 மணி நேரத்தில் 212 வந்திருந்தது. "ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிற சாமான், இருநூறு தடவை தப்பா அடிச்சா மன்னிச்சுடுங்க," என்றார் டாக்டர்.

சொன்னபோது நிம்மதியாக இருந்தது. இரவு மறுபடி பயம். ஆறுதல் வார்த்தையின் ஆயுள் பஸ் டிக்கெட் மாதிரி, இறங்கியதும் செல்லாது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் துடிப்பைக் கூட்டும், தப்புத் துடிப்பையும் கூட்டும். அதைக் கவனித்து இன்னும் பயப்படுவோம்.

இந்தச் சுழலை உடைத்தவை இரண்டு. ஒன்று, ஐந்தாம் மாத டிரெட்மில் டெஸ்ட். மார்பெல்லாம் ஒயரை ஒட்டி, சாய்வைக் கூட்டிக்கொண்டே போனார்கள். துடிப்பு 142 வரை போனது. பக்கத்தில் டாக்டர் திரையில் ஓடும் ஈ.சி.ஜி. கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேகமாக அடிப்பதும் ஆபத்தும் ஒன்றில்லை என்பதை என் மண்டைக்குச் சொன்னது அந்த எட்டு நிமிடம்தான்.

இரண்டு, ஒரு மனநல ஆலோசகர். முதலில் போக வெட்கம். எனக்கு ஹார்ட்டில் கோளாறு, மண்டையில் இல்லை என்று வீட்டில் கத்தினேன். அவர் செய்தது ரொம்பச் சாதாரணம்: "பயந்து எதையெல்லாம் நிறுத்திட்டீங்க, எழுதுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, மூன்று மாதமாக நான் குளியலறைத் தாழ்ப்பாள் போடவில்லை. விழுந்தால் கதவை உடைக்க நேரமாகும் என்ற கணக்கு. அந்தப் பட்டியலில் சுலபமானதில் தொடங்கினோம். தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பது. ஒரு மணி நேரம் வீட்டில் தனியாக இருப்பது. போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் படுப்பது. வண்டியில் தனியாகக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய் வருவது. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு தடவை நெஞ்சு படபடக்கும், நாலாவது தடவை சலித்துப்போகும். சலிப்பு வரும்வரை செய்வதுதான் வைத்தியமே. கடைசியில் மலைக்கோட்டை. தாயுமானவர் சந்நிதி வரை ஏறிவிட்டேன், உச்சிப் பிள்ளையார் இன்னும் பாக்கி.

ஆலோசகரை நேரில் பார்க்க வசதி இல்லையென்றால் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழில் பேசலாம்.

ஆக்சிமீட்டர், வாட்ச் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

டாக்டர் கேட்டால் பாருங்கள். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை விரலில் மாட்டினேன். 98 காட்டினால் ஐந்து நிமிடம் நிம்மதி, 96 காட்டினால் அரை மணி நேரம் நரகம். இரண்டுமே நார்மல். காலையில் ஒரு தடவை எடை, பிரஷர், நாடி மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

எது வெறும் பயம், எது நிஜம்? எப்போது ஓட வேண்டும்?

பயத்தையும் இதயக் கோளாறையும் உணர்வை வைத்து நூற்றுக்கு நூறு பிரிக்க முடியாது. அதனால் நான் உணர்வைக் கேட்பதில்லை, ஒரு பட்டியலைக் கேட்கிறேன். அது எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது:

மயக்கம் போட்டு விழுந்தால், அல்லது விழப் போய்ச் சுதாரித்தால். நெஞ்சு வலி பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தால், அல்லது நடக்கும்போது வந்தால். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் துடிப்பு விடாமல் தறிகெட்டு ஓடினால். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டினால். இதில் எது வந்தாலும் 108, யோசனையே இல்லை. மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கிச் செருப்பு இறுகினாலோ அன்றே டாக்டருக்கு போன், உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

பட்டியலில் இல்லாதது வந்தால் இரவில் எதுவும் முடிவெடுப்பதில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

எம்.ஆர்.ஐ.யில் "ஸ்கார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

தழும்பு. எம்.ஆர்.ஐ.க்குக் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றிப் படம் எடுக்கும்போது அழற்சி பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். ஆரம்பத்தில் தெரியும் வெள்ளையில் ஒரு பங்கு வெறும் வீக்கம், சில மாதத்தில் வடியும். மிஞ்சுவதுதான் தழும்பு. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது எதிர்காலத் துடிப்புக் கோளாறுக்கு ஒரு அறிகுறியாக இருக்கலாம். அதனால்தான் பம்பிங் நார்மலானவர்களையும் வருடா வருடம் வரச் சொல்கிறார்கள். எனக்கும் சின்னதாக ஒன்று இருக்கிறது.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? என்ன சாப்பிடக்கூடாது?

பம்பிங் சரியானதும் எல்லோருக்கும் வரும் ஆசை இது. லண்டனில் 2018-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், இதயம் விரிந்து பலவீனமாகிப் பிறகு குணமான 51 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் பலருக்கு நோய் அழற்சியால் வந்ததில்லை, அதனால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று தானாக நிறுத்துவது எவ்வளவு சூதாட்டம் என்று தெரிகிறது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பம்பிங் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. அவற்றையும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் உப்புதான் வில்லன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் ஒரே நாளில் அம்மா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். இந்துப்பு நல்லது என்று ஒருவர் ஒரு கிலோ வாங்கி வந்தார். அதுவும் உப்புதான்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். கடையில் விற்கும் "லோ சோடியம்" உப்பில் சோடியத்துக்குப் பதில் போடுவதும் பொட்டாசியம்தான். இளநீரிலும் அது நிறைய. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு இளநீர் தூக்கிக்கொண்டு வருவார்கள். பொட்டாசியம் மிஞ்சினால் துடிப்பே கெடும். உங்கள் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு குடியுங்கள். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ப்ரூஃபன் கேட்டு வாங்குவதும் வேண்டாம், பம்பிங் குறைந்தவர்களுக்கு அவை நீரைத் தேக்கிக் கேடு செய்யும்.

மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?

என் மாமா மூட்டையாகவே கொண்டு வந்தார். மாத்திரைக்குப் பதிலாக எதுவும் வேண்டாம். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதென்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். ஏற்கெனவே பிரஷரை இறக்கும் மாத்திரைகள் இரண்டு மூன்று உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு பற்றி ஒரே வார்த்தை: நமக்கு அடைப்பே கிடையாது.

எனக்கு வந்தது தசையில் இல்லை, உறையில் என்கிறார்கள்.

பெரிகார்டைட்டிஸ். இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்கு வரும் அழற்சி. வலி கத்தியால் குத்துவது போல இருக்கும், மூச்சை இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். இதன் தொல்லை, திரும்பத் திரும்ப வரக்கூடும் என்பது. அதைத் தடுக்க முதல் தடவைக்கு வழக்கமாக மூன்று மாதம் கால்ச்சிசின் கொடுப்பார்கள். வலி போனதும் நிறுத்தாதீர்கள்.

இந்தக் கால்ச்சிசினுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. நம் மாநில மலர் செங்காந்தளின் விதையில் அது இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்ப்பதே விதையை மருந்து கம்பெனிகளுக்கு விற்கத்தான். அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மருந்து மாத்திரையில் மட்டும், டாக்டர் சொன்ன அளவில் மட்டும்.

வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

என் அம்மா செருப்பைக்கூட எடுத்துப் போட்டார். மனைவி நடுராத்திரியில் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். தூங்குவது போல நடிப்பேன். அவர்களும் ஐ.சி.யு. வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தவர்கள், பயம் அவர்களுக்கும் வந்த நோய்தான். வாக்குவாதம் பலிக்கவில்லை. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையே கூட்டிப் போனேன். "பாட்டி, இவர் கடைக்குப் போகலாம், காய்கறிப் பை தூக்கலாம், கேஸ் சிலிண்டர் மட்டும் வேண்டாம்" என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசி மூட்டையை நகர்த்தச் சொன்னார். சிலிண்டரில் சேராது என்று வாதிட்டார்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது... தாம்பத்தியம்?

ஆண்கள் போனை வைக்கும் கடைசி நொடியில் கேட்கும் கேள்வி. இரண்டு மாடி நிற்காமல் ஏறி நெஞ்சு வலியோ மிதமிஞ்சிய மூச்சுத்திணறலோ இல்லையென்றால் பொதுவாகச் சரி. பீட்டா பிளாக்கரால் சிலருக்கு ஆர்வமோ விறைப்போ குறையலாம். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். தெரிந்தவர் கொடுத்தார் என்று சில்டெனாபில் வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் அடியோடு விழும்.

மறுபடி வருமா?

பெரும்பாலோருக்கு வருவதில்லை. சிலருக்கு வருகிறது. இரண்டாம் தடவை வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலோ மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். டெஸ்மோபிளாகின் என்ற மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு அழற்சி மாதிரியே திரும்பத் திரும்ப வரும். மற்றவர்கள் வருடா வருடம் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வதும், காய்ச்சலின்போது ஒழுங்காகப் படுத்திருப்பதும் போதும்.

உங்களுக்கு இன்னும் பயம் வருகிறதா சார்?

வருகிறது. மைதானத்தில் எட்டாம் வகுப்போடு மூன்று சுற்று ஓடுகிறேன், அப்போது வருவதில்லை. போன மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் "தொம்" என்று எழுப்பிவிட்டது. எழுந்து போய் பிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். பட்டியலில் இருப்பது எதுவும் எனக்கு இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஆக்சிமீட்டரை எடுக்கலாம் என்று கை தானாக அலமாரிக்குப் போனது. கீழ்வீட்டுக்காரர் நாலு மாதத்துக்கு முன்னால் இரவல் வாங்கிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.